இருட்டுராயனுக்கு நூற்று நாற்பத்து மூன்று வசனம்

தண்டபாணி நாடகப் பிரதியைப் படிக்கவில்லை, எண்ணினார்.

லக்ஷ்மிப்ரியா மின்னஞ்சலில் அனுப்பியிருந்த நாற்பத்திரண்டு பக்கத்தையும் கணினியில் திறந்து, ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரும் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டார். இளவரசனுக்கு அறுபத்தொன்று. சமையல்காரி சொக்கம்மாவுக்கு எண்பத்தெட்டு. பசுமாட்டுக்கு, மாடாக இருந்தும், பன்னிரண்டு. சூரியனைக் களவாடிப் பெட்டியில் பூட்டும் இருட்டுராயனுக்கு நூற்று நாற்பத்து மூன்று. ஈரோட்டுச் சந்தையில் மூட்டையைத் தூக்கிப் பார்த்து விலை சொன்ன குடும்பம் அவருடையது. எது கனமோ அது தலைவருக்கு. உள்ளே இருப்பது பருத்தியா, பருத்திக்கொட்டையா என்று அவிழ்த்துப் பார்க்கும் புத்தி அவருடைய அப்பாவோடு போய்விட்டது.

அவர் மேற்கு ஆக்லாந்துத் தமிழ்க் கலாமன்றத்தின் தலைவர். ஆறு வருடமாக. பகலில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். அதாவது பிறர் செய்யும் வேலைக்கு நாள் குறித்துக் கூட்டம் போடுபவர். அந்தத் திறமையை அப்படியே மன்றத்துக்கும் கொண்டுவந்திருந்தார். மன்றத்தில் பதினொரு பேர் செயற்குழு, ஒன்பது பேர் ஆலோசகர்கள், நாற்காலி அடுக்க இரண்டு பேர். அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டால் தலைவருக்குப் பெயர் தெரியாது.

ஜூலைப் பள்ளி விடுமுறையில் பேண்டமைம் போடலாம் என்ற யோசனை லக்ஷ்மிப்ரியாவுடையது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஹென்டர்சனில் ஒரு வெள்ளைக்கார நாடகக் குழுவில் முதல் வருடம் குதிரையின் பின்னங்காலாகவும், மறு வருடம் பதவி உயர்ந்து பேசும் மரமாகவும் நடித்தவள். "நம்ம நாடகத்துக்குக் குழந்தைங்களைக் கூட்டிட்டு வந்தா பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி உக்காந்திருக்குதுங்க," என்று செயற்குழுவில் சொன்னாள். "பேண்டமைம்னா குடும்பமே பாக்கும். ஆம்பளை பொம்பளை வேஷம் போடுவாரு, பொண்ணு இளவரசனா வரும், மாட்டுக்குள்ள ரெண்டு பேரு. குழந்தைங்க மேடையப் பாத்துக் கத்தும். கத்துறதுதான் விஷயமே."

செயற்குழுவுக்கு அதில் 'குழந்தைகள்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. குழந்தை வந்தால் அப்பா வருவார், அம்மா வருவார், ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் மாமியாரும் வருவார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"இருட்டுராயனை நான் எடுத்துக்கறேன்," என்றார் தண்டபாணி, பெரிய தானம் ஒன்றை அறிவிக்கும் முகத்தோடு.

லக்ஷ்மிப்ரியா தயங்கினாள். "அங்கிள், பேண்டமைம்ல வில்லன்னா எப்படின்னு தெரியுமில்ல?"

"வில்லன் தெரியாதாம்மா எனக்கு? கோயமுத்தூர் காலேஜ்ல மூணு வருஷம் டிராமா பண்ணவன் நான்."

மூன்று வருடமும் அவர் திரைச்சீலை இழுத்தார். அந்தச் செய்தி கடல் தாண்டி வரவில்லை.

அப்போது செயலாளர் கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினார். "அவரை விட்டா வேற ஆர் இருக்கினம்? குரல் இருக்கு, உடம்பிருக்கு. நான் வழிமொழியிறன்."

தண்டபாணிக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வடையா சமோசாவா என்ற கேள்வியில்கூட கதிர்காமநாதன் அவரோடு ஒத்துப்போனது கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூறுகளில் வந்தவர். பஸ் கம்பெனி ஒன்றில் நேர அட்டவணை போடும் உத்தியோகம். நாமெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். அவர் பஸ்களையே காக்கவைத்துப் பழகியவர். தலைவர் நாற்காலியின் மேல் பதினொரு வருடமாகக் கண் வைத்திருந்தார். ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால் விலை ஏறும் என்பது அவருக்குத் தெரியும்.

"எனக்கு மேடை கீடை வேண்டாம்," என்று மேலும் சொன்னார். "சீலைக்குப் பின்னால நிண்டு, வசனம் மறந்தா எடுத்துத் தாறன். அது போதும்."

எவ்வளவு அடக்கமான மனிதர் என்று தண்டபாணி நினைத்துக்கொண்டார். சுவரொட்டியில் தன் படம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குப் பேச்சு நகர்ந்தது.

ஒத்திகை ஆறு வாரம் நடந்தது. நடிகர்களைத் தவிர ஆளில்லாத கூடம். அவ்வப்போது லக்ஷ்மிப்ரியா, "இங்க சத்தம் வரும், கொஞ்சம் நிறுத்துங்க அங்கிள்," என்பாள். கைத்தட்டலைச் சொல்கிறாள் என்று தண்டபாணி எடுத்துக்கொண்டார். அதற்கென்று ஒரு நிலையையே பயின்றார்: தாடையைச் சற்று உயர்த்தி, வலது கையை மார்பளவுக்குத் தூக்கி, மாலையை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கழுத்தை நீட்டுபவரின் நிலை. வீட்டுக் கண்ணாடி முன் அது நன்றாகவே வந்தது.

நாடகத்துக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை, முழு வேடத்தோடு ஒத்திகை. பார்க்க ஆள் வேண்டும் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பிள்ளைகள் முப்பது பேரைக் கூட்டி வந்திருந்தார்கள். தண்டபாணி கறுப்பு அங்கி, வெள்ளிக் கிரீடம், காது வரை வளைந்த மீசை சகிதம் இடப்பக்கத்திலிருந்து மேடையேறினார்.

"ஊ..." என்றது கூடம்.

அவர் பயின்ற நிலையில் நின்றார். தாடை உயர்ந்தது. கை எழுந்தது.

"ஊ... வெளியே போ. வெளியே போ."

முப்பது பிள்ளைகளும் நாற்காலியின் மேல் ஏறி நின்று, கட்டைவிரலைக் கீழே காட்டி, பல் வைத்தியரை மறந்து, பெற்றோரை மறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழில் ஆனந்தமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் முன்னால் ஒரு அடி வைத்தார். சத்தம் இரண்டு மடங்கானது. பின்னால் வைத்தார். மூன்று மடங்கு.

"சூப்பர் அங்கிள்," என்று பக்கவாட்டிலிருந்து கத்தினாள் லக்ஷ்மிப்ரியா. "இதேதான். சனிக்கிழமை இதைவிட பத்து மடங்கு வரும்."

நாடகத்துக்கு மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் பொதுக்கூட்டம். தலைவர் தேர்தல். வேட்புமனு கொடுக்கக் கடைசி நேரம் நாடகத்தன்று மாலை ஆறு மணி. சனிக்கிழமை கூடத்தில் உட்காரப்போகும் நானூறு பேரும்தான் மறுவாரம் கை தூக்கப்போகும் நானூறு பேர். கிரீடத்துக்குள் வியர்த்தது தண்டபாணிக்கு. சீலையின் இடுக்கில் கதிர்காமநாதனின் மூக்குக்கண்ணாடி மின்னியது. அந்த மனிதர் பிரதியின் பக்கத்தை விரலால் நாசூக்காகத் திருப்பினார்.

தண்டபாணி வெஸ்ட்கேட் வீட்டுக்கு வந்து மீசையைக் கழற்றாமலே சோபாவில் சாய்ந்தார். மனைவி ரத்னா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"தலைவரைப் பாத்து நானூறு பேர் 'வெளியே போ'ன்னு கத்தப் போறாங்க ரத்னா. தேர்தலுக்கு எட்டு நாள் முன்னாடி."

"நீங்கதான வில்லன் வேஷம் கேட்டு வாங்குனீங்க."

"வில்லன்னா கம்பீரமா இருக்கும்னு நெனச்சேன்."

"நாடகத்தப் படிச்சீங்களா?"

அவர் மீசையின் நுனியைத் திருகினார்.

"அப்ப உடம்பு சரியில்லைனு சொல்லி விலகிருங்க."

அதையும் அவர் யோசித்திருந்தார். ஆனால் லின்ஃபீல்டிலிருந்து வெஸ்ட்கேட் வரை எந்த மளிகைக்கடைக் கண்ணாடியைப் பார்த்தாலும் அரிசி மூட்டை விளம்பரத்துக்குப் பக்கத்தில் அவர் முகம் ஒட்டியிருந்தது. இளவரசனாக வரும் ராகவியின் படம் அதில் தபால்தலை அளவு. விலகினால் அந்த இடத்தில் வேறொருவன் முகம் வரும். அதைவிட ஊளை மேல்.

லக்ஷ்மிப்ரியாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, அந்த ஊளை மொத்தம் எத்தனை தடவை வருது?"

"நீங்க உள்ள வர்ற ஒவ்வொரு தடவையும் அங்கிள். பதினொண்ணு."

"மூணு வெச்சுக்கலாம்."

"இது என்ன கத்தரிக்காயா அங்கிள்?"

"சரி, நாலு. பெரியவங்க மரியாதைனு ஒண்ணு இருக்குல்ல."

"ஒன்பது. அதுக்குக் கீழ போனா பேண்டமைமே இல்ல."

"அஞ்சு. அதுல ஒண்ணு சின்னதா."

"அங்கிள், எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு. ஆறு. இதுக்கு மேல இறங்க மாட்டேன்."

"ஆறு. ஆனா குழந்தைங்க மட்டும். பெரியவங்க வாயத் தெறக்கக் கூடாது."

"நம்ம பெரியவங்க இடைவேளைல வடை தீந்தாத்தான் வாயத் தெறப்பாங்க. நிம்மதியாத் தூங்குங்க."

பதினொன்றை ஆறாக அடித்துப் பேசிய திருப்தியோடு அவர் போனை வைத்தார். துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டு விலை பேசிய தாத்தாவின் ரத்தம் வீண்போகவில்லை. விற்றவளிடம் சரக்கு இல்லை என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை. நானூறு தொண்டையும் நானூறு பேரிடம் இருந்தன.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. லின்ஃபீல்ட் கூடத்தின் வெளியே மழை, உள்ளே ஈரக்கோட்டு வாசனை. இரண்டே முக்காலுக்கு விளக்கேற்றினார்கள். ஐந்து திரிக்கு ஒன்பது ஆலோசகர்கள். நான்கு பேர் எரிந்த திரியையே மறுபடி பற்றவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு தலைவரின் வரவேற்புரை. கிரீடத்தையும் மீசையையும் பையில் வைத்துக்கொண்டு, கோட்டு சூட்டோடு, இருபத்திரண்டு நிமிடம் பேசினார். இருண்டு கிடந்த மன்றத்துக்குத் தான் ஒளி கொண்டுவந்ததாகச் சொன்னார். சற்று நேரத்தில் சூரியனைத் திருடப்போகிற ஆசாமி அவர். முன்வரிசைக் குழந்தை ஒன்று தன் அம்மாவிடம், "இஸ் திஸ் த ஷோ?" என்று கேட்டது. அம்மா, "ஷ்," என்றாள்.

நாடகம் தொடங்கியது. பிரசாத் புடவை கட்டி, கொண்டை வைத்து, சமையல்காரி சொக்கம்மாவாக வந்து கரண்டியைச் சுழற்றியதும் கூடம் உயிர்த்தது. பிரசாத் செயற்குழு உறுப்பினன், ஐ.டி.க்காரன், தண்டபாணியின் வேட்புமனுவை வழிமொழிவதாக வாக்குக் கொடுத்தவன். பசுமாடு முன்னங்கால் ஒரு பக்கமும் பின்னங்கால் மறுபக்கமுமாக நடந்து விசிட்டர் விசா மாமியார்களைச் சிரிக்கவைத்தது. அடுத்து இருட்டுராயன்.

ஊளை வந்தது. ஒப்பந்தப்படி ஒன்று. தண்டபாணி பல்லைக் கடித்துக்கொண்டு விரல் மடக்கினார். இரண்டு, மூன்று, நான்கு. குழந்தைகள்தான், பெரியவர்கள் பிள்ளைகளைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளைக்குள் ஆறும் செலவாகிவிட்டது. இரண்டாம் பாதிக்கு ஐந்து வருகை மிச்சம். ஒப்பந்தக் கணக்கு தீர்ந்தது, இனி ஊளையில்லாமல் தப்பிக்கலாம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோதே, திரைக்கு முன்னால் பிரசாத் பிள்ளைகளுக்குப் புதுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"செல்லங்களா, இருட்டுராயன் பெரிய புளுகன். அவன் எது சொன்னாலும் நீங்க என்ன சொல்லணும்? 'இல்லவே இல்லை.' எங்க, சொல்லுங்க."

"இல்லவே இல்லை."

"கேக்கலையே."

"இல்லவே இல்லை."

கூரையில் மழைச்சத்தம் ஒரு கணம் அடங்கிப்போனது.

திரை விலகியது. கோட்டைக் காட்சி. தண்டபாணி அங்கியை வீசிக்கொண்டு நடுமேடைக்கு வந்தார்.

"இந்தக் கோட்டையைக் கட்டியவன் நான்."

"இல்லவே இல்லை."

"இந்த நாட்டுக்குச் சோறு போடுபவன் நான்."

"இல்லவே இல்லை."

எழுதியிருந்தது இப்படி மூன்று. மூன்றாவதற்குப் பிறகு சொக்கம்மா கரண்டியோடு வந்து அவர் தலையில் தட்ட வேண்டும். தண்டபாணி வாயைத் திறந்தார். மூன்றாவது வரி வரவில்லை. நானூறு முகம், நூறு கட்டைவிரல், முன்வரிசையில் ஆலோசகர்கள். நூற்று நாற்பத்து மூன்றில் எந்த மூட்டை எங்கே அடுக்கியிருந்தது என்றே தெரியவில்லை. அவர் கண்ணை மட்டும் சீலைப் பக்கம் திருப்பினார்.

அங்கே கதிர்காமநாதன் நின்றார். பிரதி அவர் கையில் இருந்தது. மூடியிருந்தது.

"இந்த மன்றத்துக்கு நான் என்ன செய்யேல்லை எண்டு கேளுங்கோ," என்றார் மெல்லிய குரலில்.

தலைவரின் மனதில் ஒரு சின்னச் சந்தேகம்கூட எழவில்லை. அந்த வரி அவருக்கு அவ்வளவு பொருத்தமாக, அவரே தைத்துப் போட்டுக்கொண்ட சட்டை மாதிரி இருந்தது. மார்பை நிமிர்த்தினார்.

"இந்த மன்றத்துக்கு நான் என்ன செய்யலை?"

கூடம் விழித்தது. நாடகத்தில் மன்றம் எங்கே வந்தது என்று பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போனை அணைத்தார்கள்.

பேச ஆரம்பித்த தண்டபாணியை நிறுத்துவது, இறக்கத்தில் போகும் தள்ளுவண்டியை நிறுத்துவது போல. "சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இடம் புடிச்சுக் குடுத்தது யாரு? நான்."

"இல்லவே இல்லை," என்றார்கள் பிள்ளைகள், சொல்லிக்கொடுத்தபடி.

அது உண்மையாகவும் இருந்ததுதான் சங்கடம். இடம் பிடித்தவர் சுகந்தினி டீச்சர். நாலு மாதம் பள்ளிப் பள்ளியாக ஏறி இறங்கியவர். மூன்றாவது வரிசையில் அவர் கைப்பையைத் திறந்து மூடினார்.

"பொங்கல் விழாவுக்கு அந்தப் பெரிய கூடாரம் வாங்கிட்டு வந்தது யாரு? நான்."

"இல்லவே இல்லை." இந்தத் தடவை குரல் கனத்திருந்தது. கூடாரத்தை டிரெய்லரில் கட்டி இழுத்து வந்த பார்த்தீபன் பசுமாட்டின் முன்னங்காலாக மேடையோரத்தில் நின்றான். மாட்டின் தலைக்குள்ளிருந்தும் ஒரு 'இல்லவே இல்லை' வந்தது.

"கொரோனா லாக்டவுன்ல வீடு வீடா சாப்பாடு குடுத்தது..."

"இல்லவே இல்லை." வாக்கியம் முடியவில்லை. இது முழுக்கப் பெரியவர்கள். பிள்ளைகளுக்கே ஆச்சரியம், தங்களை விட நன்றாகக் கத்தும் அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த லாக்டவுனில் தலைவர் செய்ததெல்லாம் ஜூமில் கூட்டம் போட்டதுதான். சாப்பாடு கொடுத்தவர்கள் கூடத்தில் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தார்கள், பெரும்பாலும் பின்வரிசைகளில். வருடக்கணக்கில் மரியாதைக்காக விழுங்கிய சொல்லை இன்று குழந்தைகளோடு குழந்தையாகக் கத்தலாம். டிக்கெட்டிலேயே அது சேர்த்தி. ஒருவர் கத்தியதைப் பார்த்து இன்னொருவர். நேருக்கு நேர் ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லாத கூட்டம் கும்பலாக உட்கார்ந்ததும் வீரமாகிவிட்டது.

லக்ஷ்மிப்ரியா பக்கவாட்டிலிருந்து கரண்டியை ஆட்டி பிரசாத்தை மேடைக்குத் தள்ளப் பார்த்தாள். பிரசாத் நகரவில்லை. கொண்டையைச் சரிசெய்துகொண்டு, தராசு எந்தப் பக்கம் சாயும் என்று கூட்டத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தான்.

தண்டபாணி ரத்னாவைத் தேடினார். நான்காவது வரிசையில் அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தோள் குலுங்கியது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதுவும் சந்தை யோசனைதான். எதைச் சொன்னாலும் மறுக்கிற வாடிக்கைக்காரனிடம் சரக்கை மட்டம் என்று சொல்ல வேண்டும். உடனே நல்லது என்று சொல்லி வாங்கிப் போவான். இவர்களோ வாயைத் திறந்தால் 'இல்லவே இல்லை' தவிர வேறொன்றும் தெரியாத ஜனம். தண்டபாணி இரண்டு கையையும் விரித்தார். குரலைத் தாழ்த்தினார். காலேஜில் திரை இழுத்த காலத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்ற நடிப்பு முழுவதையும் அந்த ஒரு வரியில் கொட்டினார்.

"சரி. நான் இந்த மன்றத்துக்குத் தலைவனா இருக்க லாயக்கே இல்லாதவன்."

காத்திருந்தார்.

பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள். ஆனால் வாக்கியம் கொஞ்சம் நீளம். இவ்வளவு நேரமும் 'நான், நான்' என்று முடிந்ததுதான் அவர்களுக்கு எளிதாக இருந்தது. "வாட் டிட் ஹி சே?" என்று தங்கள் பெற்றோர் பக்கம் திரும்பினார்கள். பெற்றோர் மொழிபெயர்த்துக்கொண்டு உட்காரவில்லை.

"ஓம்," என்றது யாழ்ப்பாணத்தார் உட்கார்ந்திருந்த இடப்பக்கம்.

"ஆமா," என்றது வலப்பக்கம்.

பெரியவர்கள் சொன்னதைப் பார்த்துப் பிள்ளைகளும், "யெஸ்," என்றார்கள். பிறகு கைதட்டல். அவர் ஆறு வாரம் கண்ணாடி முன் எதிர்பார்த்த அதே கைதட்டல், நீண்டு, அடங்கி, மறுபடி எழுந்தது. இடியாப்பமா இட்லியா, தைப்பொங்கலை எந்தக் கூடத்தில் வைப்பது, மைக்கை யார் முதலில் பிடிப்பது என்று எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் அன்று ஒரே வார்த்தையை அவரவர் ஊர்ப் பேச்சில் சொன்னன. மன்றத்தின் வரலாற்றில் தலைவர் சாதித்த ஒற்றுமை அது ஒன்றுதான்.

பிரசாத் இப்போது வந்தான். கரண்டியால் தலையில் தட்டினான். ஒத்திகையில் தட்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே.

ஐந்து மணிக்குச் சூரியன் விடுதலையானது. மஞ்சள் பலூன் ஒன்று கூரைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கூடத்தில் வடைக்கு வரிசை நின்றது. உடைமாற்றும் அறையில் தண்டபாணி கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பிரசாத் கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினான்.

"பிரசாத், அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்ரு. மணி ஆச்சு."

"எந்த ஃபார்ம் சார்?"

"நாமினேஷன்டா. நீதான வழிமொழியறேன்னு சொன்ன."

பிரசாத் இன்னொரு ஊசியை உருவி அதை வெளிச்சத்தில் பார்த்தான். "அதான் சார் யோசிச்சுட்டு இருக்கேன். வீட்ல கேக்கணும். எங்க கம்பெனில வேற, வெளிப் பொறுப்பு எடுத்துக்கக் கூடாதுன்னு புதுசா ஒரு பாலிசி..."

"வழிமொழியறது பொறுப்பாடா?"

"இல்லைதான் சார். ஆனா பாருங்க, பாலிசி."

புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவன் வடை வாங்கப் போய்விட்டான். அதன்பின் தண்டபாணி மூன்று செயற்குழு உறுப்பினர்களுக்குப் போன் போட்டார். மூன்று பேரும் இதே கட்டிடத்துக்குள் இருந்தார்கள். ஒருவரும் எடுக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கதிர்காமநாதன் இரண்டு காகிதக் கோப்பையில் தேநீரோடு வந்தார். ஒன்றை நீட்டினார். "நல்லாச் செய்தீங்கள் தலைவர். சனம் எழும்பி நிண்டு கைதட்டினது."

"நீங்க எடுத்துக் குடுத்த வரி நாடகத்துல இல்ல கதிர் சார்."

"ஓமோ?" கதிர்காமநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அங்க வெளிச்சம் காணாது. பக்கம் மாறிப் போச்சுது போல."

"பக்கம் மாறினாலும் அப்படி ஒரு வரி எந்தப் பக்கத்துலயும் இல்ல."

"அப்ப நீங்கள் ஏன் அதைச் சொன்னனீங்கள்?"

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கதிர்காமநாதன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். போட்டியிலிருந்து விலகுவதாக ஒரு கடிதம். இன்று காலையே அச்சடித்த தாள் என்பது மூலையில் இருந்த தேதியில் தெரிந்தது.

"வழிமொழிய ஆளில்லையெண்டு மனுவைத் தள்ளினால் வடிவா இராது, பாருங்கோ. நீங்களா விலகினால் மரியாதை. அடுத்த ஆளுக்கு வழி விட்டவர் எண்டு நான் கூட்டத்தில ரெண்டு வார்த்தை கதைப்பன்."

"அடுத்த ஆள் நீங்களா?"

"சனம் கேட்டால் மறுக்கேலாதே."

தண்டபாணி கிரீடத்தை மேசையில் வைத்தார். முதுகை நிமிர்த்தினார். தோற்ற சரக்குக்கும் ஒரு விலை உண்டு என்ற நினைப்பு வந்ததும் அவர் முகத்தில் லேசாக ரத்தம் ஊறியது.

"விலகறேன். ஆனா புரவலர் பதவி வேணும்."

"போஷகர் ஒரு ஆளுக்குத்தான். நகைக்கடைக்காரருக்குச் சொல்லியாச்சு."

"அப்ப கௌரவத் தலைவர்."

"அப்பிடி ஒண்டு எங்கட யாப்பு விதியில இல்லை."

"சேத்துக்கலாமே."

"சேர்க்கலாம். ஆனா அதுக்குப் பொதுக்கூட்டத்தில சனம் கை தூக்க வேணும்." கதிர்காமநாதன் கூடத்துப் பக்கம் தலையசைத்தார். "இண்டைக்கு வந்த சனம்தான்."

தண்டபாணி தேநீரைக் குடித்தார். "பொன்னாடை?"

"பொன்னாடை போடலாம். கொஞ்சம் மிஞ்சிக் கிடக்குது."

"மேடைக்குக் கூப்பிட்டுப் போடணும். மைக்ல பேரு சொல்லி."

"கூப்பிடலாம். கதைக்க விடேலாது."

"ரெண்டு நிமிஷம்."

"இல்லை."

"ஒரு நிமிஷம். நன்றி மட்டும்."

"தண்டபாணி," என்றார் கதிர்காமநாதன், முதல் தடவையாகத் தலைவர் என்பதை விட்டுவிட்டு, "நீங்கள் மைக் பிடிச்சால் அந்தப் பிள்ளையள் இனி என்ன செய்யுங்கள் எண்டு உங்களுக்கே தெரியும்."

தெரிந்தது. அவர் மைக்கைக் கைவிட்டார். ஆலோசகர் ஆனார். ஏற்கெனவே ஒன்பது பேர் இருப்பதால் பத்தாவது. பட்டியலில் பெயர் முதலில் வர வேண்டும் என்றார். அகர வரிசைதான் என்றார் கதிர்காமநாதன். அடைப்புக்குறிக்குள் முன்னாள் தலைவர் என்று போட வேண்டும் என்றார்; ஒரு வருடத்துக்குப் போடலாம் என்றார் கதிர்காமநாதன். மூன்று வருடம் கேட்டு, இரண்டில் முடிந்தது. இரண்டு பேருக்கும் உள்ளூர ஒரு மகிழ்ச்சி: ஒருவர் அதிகம் கொடுக்கவில்லை, மற்றவர் சும்மா விடவில்லை. இரண்டு கை நிறையக் காற்றை எடைபோட்டு மாற்றிக்கொண்டார்கள்.

ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. தண்டபாணி பேனாவை வாங்கினார். கடிதத்தை, அதையாவது, முழுவதும் படித்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு அதன் கீழே, தெளிவான எழுத்தில், 'ஆலோசகர்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

கதிர்காமநாதன் எட்டிப் பார்த்தார். "அது பொதுக்கூட்டம் முடிஞ்சாப் பிறகுதானே பாருங்கோ."

"ஒரு வாரந்தானுங்களே," என்றார் தண்டபாணி. மை காய்வதற்காகத் தாளின் மேல் மெதுவாக ஊதினார்.